ஆசிரியன் கை மூடியிருக்கலாமா?

தொழில் கற்பிக்க இசைந்த ஒருவன், தான் அறிந்ததில் ஒரு பகுதியைத் தனக்கென ஒளித்துக்கொள்ளலாமா? இக்கேள்வியை யான் நூல்களில் கண்டெடுத்தேனல்லேன். என் பிழைப்பில் கண்டேன்.

இளமையில் பெங்களூர் மில்லொன்றில் தறி ஓட்டினேன். தறி பழுதுற்றால் ஜாபர் வருவார். நாடா எக்கணத்தில் எறியப்பட வேண்டுமென்று திருத்துங்கால், தம் முதுகால் எம் பார்வையை மறைத்துக்கொள்வார். கேட்டால் வசவுதான். தறி நின்ற நேரமெல்லாம் எமது கூலி குறைந்தது. திருட்டுப் பார்வையாலேயே அவ்வேலையைக் கற்றேன், மூன்றாண்டுகள் சென்றன.

மில் மூடியபின் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தேன். பீனியாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்திருந்தமையால் வேலைக்குக் குறைவில்லை. அக்காலத்தில் ஒரு மாலை வகுப்பில் அத்தொழிலைக் கற்பிக்கச் சம்பளத்துக்கு அமர்ந்தேன். மாணாக்கர் யாவரும் முப்பதும் நாற்பதும் கடந்தவர். 1950இல் தோன்றிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமும் பெரும்பாலும் இளைஞரை நோக்கியவை. பாதி வாழ்வில் தொழிலிழந்தவனை அவை அதிகம் நினைக்கவில்லை. ஒருவர் கோலார் தங்கவயலினின்று வந்தவர். அங்கே 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. பூமிக்கடியில் பாறை துளைக்கத் தெரிந்த கைகளுக்கு மேலே வேலையில்லை.

எண்ணெயிடுதல், ஊசி மாற்றுதல், நூலின் இறுக்கம் யாவும் கற்பித்தேன். ஊசி அடிமட்டத்தினின்று ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் மேலெழும் கணத்தில் கொக்கியின் முனை நூற்கண்ணியைப் பற்றுமாறு ‘டைமிங்’ வைப்பதை மட்டும் சொல்லவில்லை. அதுவே எனக்கு அதிகக் காசு தந்த வேலை. தங்கவயல்காரர் கேட்டார். “அது பழக்கத்தில் வரும்” என்றேன்.

“பழகுவதற்கு எனக்கு வருஷம் எங்கே இருக்கிறது, ஐயா?” என்றார்.

ஜாபரின் முதுகு என் முதுகானதை அன்றிரவு உணர்ந்தேன். நம் முன்னோர்க்குக் கல்வி மறுக்கப்பட்டதை மேடைதோறும் முழங்கியவன் யான்!

ஏழைக்குத் தொழிலறிவே சொத்து, அதனை வாரி வழங்கினால் அவன் உண்பதெப்படி என்று சிலர் வினவுவர். இவ்வினாவை எளிதில் தள்ளுதற்கில்லை. தன் கடையிலிருந்து பிழைப்பவன் வாய்மூடியிருந்தால் அவனை யான் குறைகூறேன். ஆயின் கற்பிக்கவெனக் கூலி பெற்றவன் நிலை வேறு. விலை வாங்கிக்கொண்டு அளவைக் குறைப்பது கொடாததை எடுப்பதேயாகும். இரண்டாம் சீலம் தராசுக்காரனுக்கு மட்டும் உரியதன்று.

வைசாலிக்கு அருகே பெலுவ கிராமத்தில், முதுமையுற்ற ததாகதர், தம் தருமத்தில் ஆசிரியனின் மூடிய கை என்பதொன்று இல்லையென ஆனந்தருக்கு உரைத்தார். மூடிய கை என்னும் அச்சொல் அவர் காலத்துக் குருமாரின் வழக்கத்தைச் சுட்டியதாக இருக்கலாம். இராசகிருகத்துச் சிகாலனுக்கு உரைத்தபோதோ, நன்கு பழக்குதலையும், பற்றிக்கொள்ளுமாறு கற்பித்தலையும், கலையை முழுதும் உரைத்தலையும் ஆசிரியன் கடமைகளுள் வைத்தார். முழுதும் என்ற சொல்லில்தான் யான் அகப்பட்டேன்.

மறுநாள் இயந்திரத்தைச் சாய்த்துவைத்து, அனைவரையும் அருகே நிறுத்தி, கொக்கியை மெல்லச் சுழற்றிக் காட்டினேன். அவ்வொரு வேலைக்கு மூன்று மாலைகள் பிடித்தன. தங்கவயல்காரர் இன்று பங்காரப்பேட்டையில் சிறு கடை வைத்திருக்கிறார். என்னிடம் வரும் இயந்திரங்கள் சற்றுக் குறைந்தன என்பதையும் மறைக்காது சொல்லிவிடுகிறேன்.