ஒரு நாளைக்கு மூன்று லிட்டர்

சிறுநீரகக் கல்லுக்கு மருத்துவர்கள் சொல்லும் முதல் அறிவுரை எல்லோருக்கும் தெரியும்: நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்குக் கணக்கும் உண்டு. நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீராவது வெளியேற வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கு 3 லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும். செலவில்லாத வைத்தியம், யாரும் செய்யலாம் என்றுதான் தோன்றும். அப்படியானால் செய்யாதவள் அலட்சியக்காரி. கல் அவளாகத் தேடிக்கொண்டது. தண்ணீர் பற்றிய ஓர் அறிவுரை இவ்வளவு சுலபமாக ஒரு பெண்ணைப் பற்றிய தீர்ப்பாக எப்படி மாறுகிறது?

என் இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்து ஐந்து கற்கள் இருக்கின்றன. பெரியது 7 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். பெரியவற்றை அதிர்வலை கொடுத்து உடைப்பார்கள், அல்லது கருவி செலுத்தி எடுப்பார்கள். எடுத்ததோடு முடிவதில்லை. ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 10 ஆண்டுகளுக்குள் மறுபடியும் வருகிறது. எனவே இது ஒருமுறை குணமாகி மறந்துவிடும் நோயல்ல. தினமும் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு வேலை. எந்த வேலைக்கும் நேரமும் இடமும் வேண்டும்.

குடித்த தண்ணீர் வெளியே வர வேண்டும். 3 லிட்டர் குடிப்பவள் பகலில் ஏழெட்டு முறையாவது கழிப்பறைக்குப் போக வேண்டும். "குடிங்க" என்பவர்கள் எங்கே போவது என்று சொல்வதில்லை. துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண், இடைவேளையில் வரிசையாகக் காத்திருக்கும் பள்ளி மாணவி, சாலைச் சந்திப்பில் நிற்கும் பெண் காவலர், தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் - இவர்கள் எல்லோரும் தண்ணீரைக் குறைத்துக்கொள்வதற்குக் காரணம் தாகம் இல்லாதது அல்ல. பல வீடுகளில் வேலைக்கு வரும் அக்கா அந்த வீட்டின் கழிப்பறையைத் தேய்த்துக் கழுவுகிறார். அதைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி இல்லை. அங்கே சாதியும் கதவருகில் நிற்கிறது.

தமிழில் அடக்குவது என்ற சொல்லை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சிரிப்பை அடக்கு, குரலை அடக்கு, மூத்திரத்தை அடக்கு. இவை எல்லாம் சேர்ந்தவள்தான் அடக்கமான பெண். பயணம் கிளம்பும்போது தண்ணீர் குடிக்காதே என்று அம்மா சொல்வது அன்பினால்தான். அந்த அன்புக்குள் ஒரு பயிற்சியும் இருக்கிறது. உடலோ நம் பண்பைப் பார்த்து இரங்குவதில்லை. நீர் குறைந்தால் சிறுநீரில் உப்புகள் செறிவாகிப் படிகமாகின்றன. அடக்கி அடக்கி வரும் கிருமித்தொற்றுகளில் சிலவும் கல்லை உண்டாக்கும். அந்த வகைக் கல் பெண்களுக்கே அதிகம்.

மொத்தத்தில் சிறுநீரகக் கல் ஆண்களுக்குத்தானே அதிகம் என்று ஒரு மாணவி கேட்கலாம். உண்மைதான். என் கேள்வி யாருக்கு அதிகம் வருகிறது என்பதல்ல. வந்த பின் சொல்லப்படும் வைத்தியத்தைச் செய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது.

உப்பை எடுத்துக்கொள்வோம். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். அதனால் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் ஆணுக்குக் கல் வந்தால் குழம்பிலேயே உப்பு குறைகிறது, வாழைத்தண்டுச் சாறு வேளைக்கு வருகிறது. சமைப்பவளுக்கு வந்தால் குழம்பு எல்லோருக்கும் பொதுவானது. அவளுக்காக அப்பளமும் ஊறுகாயும் தட்டிலிருந்து போவதில்லை. மாறாக, "கல்லுன்னா கால்சியம், பாலை நிறுத்து" என்ற தவறான யோசனை மட்டும் உடனே நிறைவேறிவிடும். உணவோடு சேர்ந்த கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால், வழக்கமான அளவில் பாலும் தயிரும் கல் உண்டாவதைக் குறைக்கவே செய்கின்றன. ஆனாலும் வீட்டில் முதலில் வெட்டப்படுவது அவளுடைய பங்குதான்.

கான்ட்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஓர் அறநெறிக் கொள்கை உண்டு: ஒருவரை நோக்கி 'நீ செய்ய வேண்டும்' என்றால், 'உன்னால் செய்ய முடியும்' என்பது அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. செய்ய முடியாததைக் கடமையாக்க முடியாது. இந்தக் கொள்கையை 3 லிட்டர் தண்ணீரோடு பொருத்திப் பாருங்கள். கடமை அவளுடையது, கழிப்பறையின் சாவியும் இடைவேளையின் நேரமும் வேறொருவருடையது. அதிகாரத்தை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு பழியை இன்னோரிடத்தில் இறக்குவது அறிவுரை ஆகாது.

அப்படியானால் நான் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிடலாமா? முடியாது. சமூகம் திருந்தும்வரை கல் காத்திருக்காது. விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் அந்த வலி வந்தால் நியாயம் என் பக்கம் இருப்பது ஒரு நொடிகூட உதவாது. இங்கேதான் பழியையும் பொறுப்பையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. என் கற்களுக்கான பழியை நான் ஏற்கவில்லை. என் உடலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை விடவும் இல்லை. ஆனால் அந்தப் பொறுப்பு குடிப்பதோடு நின்றுவிட்டால் போதாது. கேட்பதும் அதில் சேர்த்தி.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலைபார்த்த பெண்களைத் திரட்டிய 'பெண்கூட்டு' அமைப்பின் விஜி ஒரு தையல்காரர். அந்தப் பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அங்கிருந்துதான் உட்காரும் உரிமைக்கான போராட்டம் வளர்ந்தது. 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. இன்னும் பின்னே போனால், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 18ஆம் பிரிவு குடிநீர், 19ஆம் பிரிவு கழிப்பறை. தண்ணீரைச் சொன்ன கையோடு கழிப்பறையையும் சொல்ல வேண்டும் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மருத்துவச் சீட்டிலும் அவை அப்படி அடுத்தடுத்து வரலாம். "எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று கேட்கும் மருத்துவர், "வேலை செய்யிற இடத்துல டாய்லெட் இருக்கா, போக விடுறாங்களா?" என்றும் கேட்கலாம். இல்லை என்றால் அதையும் சீட்டில் எழுதித் தரலாம், முதலாளியிடம் காட்ட. அவர் கேட்காவிட்டால் நாமே சொல்வோம்: "குடிக்கிறேன் டாக்டர். ஆனா போறதுக்கு இடமில்லை. அதையும் எழுதுங்க."