காற்றும் காத்திருப்பும்

சுபுஹுத் தொழுகை முடித்துக் கீழ்புத்துப்பட்டுக் கடற்கரையில் நின்றிருந்தோம். அலைச்சறுக்குப் பலகைகளோடு சில இளைஞர்கள் கடலை நோக்கி அமர்ந்திருந்தனர். கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி என நல்ல அலையைத் தேடித் திரிபவர்களாம்.

"ஏன் தம்பி, இன்னும் இறங்கவில்லையா?" என வினவினோம்.

"காற்று திரும்பட்டும், ஐயா."

காற்றின் வேகம், அது வீசும் நேரம், அது கடந்துவரும் நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றுமே அலையின் அளவை முடிவு செய்கின்றன. தொலைவில் பிறந்த அலை கரைக்கு வந்தபின், அதைத் திருத்துவதும் கெடுப்பதும் கரையோரக் காற்றே. விடியலில் நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் மென்காற்று அலையை ஒழுங்காய் நிமிர்த்தி நிறுத்தும். வெயிலேறி நிலம் சூடானதும் கடற்காற்று கிளம்பி அதைக் கலைத்துவிடும். இடைப்பட்ட சிறுபொழுதே அவ்விளைஞர்களுக்கு உரியது.

அப்பொழுதைத் தேடி ஓடுவது பேராசையா? அன்று என்போம். பருவத்தைக் குறிக்கும் 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகள் வழியே 'மான்சூன்' ஆயிற்று. அதன் வேர், அடையாளமிடுதல் என்னும் பொருளுடையது. அடையாளம் அறிந்தவனுக்கே பருவம் பயன்படும். 'ஸப்ரு' என்பதன் வேர்ப்பொருளும் கைகட்டிக் கிடத்தலன்று. தன்னைத் தடுத்து நிறுத்துதலாகும். ஆயத்தமாயிருந்தும் அவசரப்படாத அவ்விளைஞர்களிடம் அப்பண்பைக் கண்டோம்.

ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. அருகே மரக்காணத்து உப்பளத் தொழிலாளரும் காற்றை நம்பியே வாழ்கின்றனர். அலையைக் கலைக்கும் பகற்காற்றே வெயிலோடு சேர்ந்து பாத்தி நீரை வற்றச் செய்து உப்பை விளைவிக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது அவ்வளங்கள் நீரில் மூழ்கின. அலை வாய்க்காத இளைஞன் இழப்பது ஒருநாள் இன்பம். உப்பு விளையாத தொழிலாளி இழப்பதோ அடுப்பின் நெருப்பு. இரண்டையும் 'பொறுமை' என்னும் ஒரே சொல்லால் நாம் அளக்கலாமா?

பல்லாண்டுகளாக மாணவர்க்கு ஸப்ருப் பாடம் சொல்லி வந்தோம். வறியவரின் காத்திருப்பைப் புகழ்ந்ததோடு நம் கடமை தீர்ந்ததென எண்ணியும் இருந்தோம். அது பிழை. தானே தேர்ந்து காத்திருப்பவனுக்குப் பொறுமை அணிகலன். வேறு வழியின்றிக் காத்திருப்பவனுக்கோ அது சுமை. அச்சுமையில் பங்கு கொள்ளாதவர் அவனுக்குப் பொறுமையை உபதேசிக்கத் தகுதியற்றவர்.

அன்று காற்று திரும்பவில்லை. "நாளை வருவோம், ஐயா" என்று சிரித்தபடி இளைஞர்கள் பலகைகளைத் தூக்கிச் சென்றனர். அவ்வாறு சிரித்துச் செல்ல உப்பளத்தாருக்கும் ஒரு வழி வேண்டாமா?