தகவலாளியும் சாட்சியும்

வாடகைக்கு வீடு தேடிப் போகிற தலித் யாருக்கும் நேர்காணல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. 'சொந்த ஊரு எது?' 'ஊருக்குள்ளயா, வெளியிலயா?' 'அப்பா என்ன பண்றாரு?' 'கறி சாப்பிடுவீங்களா?' கேட்கிறவர் சிரித்த முகத்தோடுதான் கேட்கிறார். நான்கு கேள்வியில் நம் சாதி அவர் கைக்குப் போய்விடுகிறது. அதே நான்கையும் நாம் திருப்பிக் கேட்டால் அது திமிர். கேட்கிற உரிமை ஒரு பக்கம், பதில் சொல்கிற கடமை மறுபக்கம் என்று பிரிந்து கிடக்கிற சமூகத்தில் கேள்வி என்பது வெறும் கேள்வி அல்ல.

மனிதர்களைப் பற்றிய விஞ்ஞானத்தையும் இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. மனிதர்களிடம் கேட்டுத்தான் அந்த அறிவு உருவாகிறது. யார் யாரைக் கேட்டார்கள்? யாரைக் கேட்காமலே எழுதினார்கள்? பதில் சொன்னதற்கான விலையை யார் கொடுத்தார்கள்? இதற்கெல்லாம் நீலகிரியிலேயே சான்றுகள் உண்டு. குன்னூர்ப் பக்கத்து லைன் வீட்டில் பிறந்தவன் என்பதால் எனக்கு இது ஏட்டு விவகாரம் மட்டும் இல்லை.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அளவுகோலும் இடுக்கிக் கருவியுமாகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றித் தலைகளையும் மூக்குகளையும் அளந்தவர். 1909 இல் ஏழு தொகுதிகளாக வெளியான அவருடைய 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே அவர் கண்ட ஒரு சிறு குடியிருப்பைப் பற்றிய குறிப்பு வருகிறது. மலேயா நீரிணைப் பகுதியிலிருந்து வெள்ளை அரசு கைதிகளாகக் கொண்டுவந்த சீனர்கள் விடுதலைக்குப் பின் அங்கே தங்கி, பறையர் பெண்களோடு குடும்பம் நடத்தி, காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். சீனக் கைதிகளின் உழைப்பு நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டங்களிலும் கலந்திருக்கிறது.

அவர்களில் ஒரு குடும்பத்தைத் தர்ஸ்டன் அளக்கிறார். தகப்பனின் மனக்குறை ஒன்று பதிவாகியிருக்கிறது: கிறித்தவத்துக்கு மாறியபோது தன் சடையை வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று என்பது. குடும்பத்தாருக்குத் தலை, மூக்கு அளவுகள். தாயைப் பற்றி? கறுத்த தோல், தமிழ்ப் பறைச்சி என்பதோடு சரி. பேரில்லை, பேச்சில்லை. வேற்று நாட்டுக் கைதியோடு வாழத் துணிந்த அந்த மனுஷி எந்த ஊரிலிருந்து மலையேறினாள், சேரி அவளை என்ன சொன்னது, அவனோடு எந்தப் பாஷையில் பேசினாள்? இவற்றுக்கு இனி யாராலும் பதில் சொல்ல முடியாது. கேள்வி கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. அவளிடம் கேட்பதற்கு ஏதாவது இருக்கும் என்றே தோன்றவில்லை. அளப்பதற்கு மட்டும் உடம்பு இருந்தது.

அதற்காகக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 1901-02 இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ரிவர்ஸ் தோடர்களிடையே தங்கி மாதக்கணக்கில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்தார். குடும்பம் குடும்பமாக வம்சாவளி எழுதினார். பார்வை, வலி உணர்வு எல்லாவற்றையும் சோதித்தார். 1906 இல் வந்த அவருடைய நூல் மானிடவியலில் இன்றும் பேசப்படுவது. அந்த நூலிலேயே ஒரு செய்தியை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பால்மனைச் சடங்குகளின் இரகசியங்களைச் சொன்னவர்களுக்கும் காட்டியவர்களுக்கும் நோயும் குடும்பத்தில் சாவும் வந்தன. சொல்லக் கூடாததைச் சொன்னதால் வந்த தண்டனை என்று தோடர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். அதன்பின் வாய்கள் மூடிக்கொண்டன.

தெய்வ கோபம் உண்டா இல்லையா என்பதல்ல இங்கே விவாதம். பகுத்தறிவாளன் என்ற முறையில் அதை நான் நம்பவில்லை. ஆனால் சொன்னவர்கள் நம்பினார்கள். அந்தப் பயத்தோடும் பழியோடும் சொந்தச் சனங்களுக்குள்ளேயே வாழ்ந்தார்கள். கேட்டவர் கப்பலேறிப் போய்ப் புகழ்பெற்ற அறிஞரானார். பதிலின் பலன் ஒருவருக்கும் பதிலின் விலை இன்னொருவருக்கும் போய்ச் சேர்ந்தது. கேட்டவர் நல்லவர், நேர்மையானவர் என்பதால் இந்தக் கணக்கு மாறிவிடவில்லை.

1952 இல் லெஹ்மன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் அரிவாள் அணு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். அதே ஆண்டில் மேல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது இருப்பதாக வேறு இருவர் எழுதினார்கள். தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் கூறு வந்தால் பெரும்பாலும் நோயில்லை. மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. இருவரிடமிருந்தும் வந்தால் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து இரத்தக் குழாயை அடைக்கும். எலும்பிலும் மூட்டிலும் தாங்க முடியாத நோவு வரும். மலேரியா அடர்ந்த காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததன் சுவடு அந்த இரத்தத்தில் இருந்தது.

விஞ்ஞானம் இரத்தத்திடம் கேட்டது, இரத்தம் பதில் சொன்னது. இரத்தம் கொடுத்தவருக்குப் பதில் எப்போது போய்ச் சேர்ந்தது? 1990 இல் கூடலூரில் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி பெற்றார்கள். அரிவாள் அணு நோயைக் கண்டறிவதும் தொடர்ந்து சிகிச்சை தருவதும் அங்கே ஒரு பணியாயிற்று. 'எங்க நோவுது?' என்று தன் பாஷையில் கேட்கிற ஒருத்தி வந்து நின்றபோதுதான் அந்த விஞ்ஞானம் முழுமையடைந்தது. ஆகவே விஞ்ஞானத்தை வேண்டாமென்று தள்ளுவது நம் வேலையல்ல. அது யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று கேட்பதுதான் நம் வேலை.

எஸ்டேட் பெண்களின் வாழ்க்கையைப் பதிவு செய்து வருகிறேன். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் இந்த மலையில் ஏராளம். சின்ன வயதில் அப்படி வந்து, கொழுந்து பறித்தே காலம் போன ஒரு அம்மா ஒருநாள் என்னை நிறுத்தினார். "தம்பி, கச்சேரியில கேட்டாங்க, மண்டபம் கேம்புல கேட்டாங்க, கணக்கெடுக்க வந்தவங்க கேட்டாங்க, காலேஜ் புள்ளைங்க கேட்டாங்க. இப்ப நீ கேக்குற. நான் ஒண்ணு கேக்கவா? இத்தன வருசம் பேர் போட்டேன். வேலை நின்னா லைன் வீட்டக் காலி பண்ணணும். அதுக்கப்புறம் நான் எங்க போறது? இதுக்கு யாரு பதில் சொல்றது?"

அன்று பேசியதில் ஆகப்பெரிய விஷயம் அந்தக் கேள்விதான். என் கேள்விப் பட்டியலில் அது இல்லை, இருக்கவும் முடியாது. தகவலாளி நம் கேள்விக்குப் பதில் தருகிறார். சாட்சி தன் வழக்கைத் தானே எடுத்து வைக்கிறார். அந்த அம்மா என் கண்ணெதிரே தகவலாளியிலிருந்து சாட்சியாக மாறினார்.

நமது அரசியல் இந்த மாற்றத்தில்தான் பிறந்தது. பறைச்சி என்ற ஒற்றைச் சொல்லோடு ஒரு பெண்ணைத் தர்ஸ்டனின் நூல் முடித்துக்கொண்டதற்கு 16 ஆண்டுகள் முன்பே, 1893 இல், அந்தப் பெயரையே தலைப்பாக வைத்துப் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கிவிட்டார் இரட்டைமலை சீனிவாசன். இதே நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்தவர் அவர். பின்னர் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தார். அண்ணலோ 1919 இல் சவுத்பரோ குழுவின் முன்னும் 1928 இல் சைமன் குழுவின் முன்னும் சாட்சியம் சொன்னவர். கேள்வி கேட்டவர்கள் ஆள்வோர்தான். ஆனால் அவர் விவரம் கொடுத்துவிட்டு எழுந்து வரவில்லை. வாக்குரிமை, பிரதிநிதித்துவம் என்று கோரிக்கைகளை வைத்தார். தீண்டாதார் எத்தனை பேர் என்ற கேள்வியை அவர்களுக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்ற கேள்வியாகத் திருப்பினார்.

இன்று கேட்கிற இடத்துக்கு நம்மில் சிலர் வந்திருக்கிறோம். ஆய்வு மாணவர்கள், எழுத்தாளர்கள், களப்பணியாளர்கள், கையில் செல்போன் வைத்திருக்கிற எல்லாரும். ஒரே சாதியில் பிறந்திருப்பதால் மட்டும் நம் கேள்வி நியாயமாகிவிடாது. படித்தவனுக்கும் படிக்காதவருக்கும் நடுவே, ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே, தலித்துக்கும் ஆதிவாசிக்கும் நடுவே அதே பழைய மேசை கிடக்கிறது. அதற்கு அந்தப்புறம் இருப்பவர் திருப்பிக் கேட்கலாம், சொல்ல மாட்டேன் எனலாம், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லலாம், 'இதை எடுத்துடு' எனலாம். இவற்றுக்கு இடம் கொடுத்தால் சில பதில்கள் நமக்குக் கிடைக்காமல் போகும், கட்டுரை மெலியும். மெலியட்டும்.

லைன் வீட்டை விட்டு எங்கே போவது என்று கேட்ட அந்த அம்மாவுக்குப் பதில் என்னிடம் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் தோட்ட நிர்வாகத்திலும் அரசிலும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அவர் போய் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு நாற்காலி வேண்டும். அதைப் போடுவதுதான் நம் ஆய்வின் அடுத்த பகுதி.