குளிரும் கொல்லாமையும்

மச்சம் தொடாத குடும்பத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சைவசமயம் படிப்பித்து ஓய்வுபெற்று, இப்போது கனடாவில், ஸ்காபரோவில் மகளோடு இருக்கிறவள் நான். இங்கே ஜனவரியில் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் குளிர் மைனஸ் 25 பாகைக்குப் போகும் நாட்கள் உண்டு. நான் படிப்பிக்கும் சனிக்கிழமை வகுப்புக்குப் போகப் பஸ்ஸுக்கு நிற்கையில், கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டாலும் காற்று எப்படியோ உள்ளே வந்துவிடும். தோல் கோட் போட்டால் காற்று நிற்கும் என்றாள் மகள். அவள் சொன்னது சரி. ஆனால், பிள்ளைகளுக்குக் கொல்லாமை படிப்பிக்கிறவள் செத்த மிருகத்தின் தோலைப் போர்த்திக்கொண்டு வகுப்புக்குள் நுழையலாமா?

கேள்விக்குப் போகமுதல் தோலைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். எந்தப் பொருளென்று தெரியாமல் பாவ புண்ணியம் பேசுவது எனக்குப் பிடிக்காது. தோல் காற்றைத் தடுக்கும், அவ்வளவுதான். சூடு உள்ளே வைத்துத் தைக்கிற துணியிலிருந்தோ கம்பளியிலிருந்தோதான் வரவேண்டும். ஆட்டுக்குட்டித் தோல் பட்டுப்போல இருக்கும். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பு இராது. பஸ் இருக்கையில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் கிழிந்துவிடும். வெள்ளாட்டுத் தோல் மெல்லியதென்றாலும் உறுதி. மாட்டுத் தோலில் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் தடிப்பில் தைத்த நீளக் கோட் பல ஆண்டு உழைக்கும், ஆனால் என் வயதில் தோள் வலிக்கும். குளிருக்கென்றே அமைந்தது செம்மறியின் தோல். கம்பளி உள்ளே, தோல் வெளியே. வேறு துணி வைத்துத் தைக்கத் தேவையில்லை. 'அசல் தோல்' என்று குத்தியிருக்கும் முத்திரையை நம்பவேண்டாம். அது தோல் என்பதைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. மேல்பக்கத் தோலை எடுத்தபிறகு மிஞ்சும் அடிப்பிளவுக்கும் அதே முத்திரைதான்.

இனிச் சமயம். எங்கள் சுவாமியே புலித்தோல் உடுத்தவர், யானைத்தோல் போர்த்தவர் என்று எனக்குத் தேறுதல் சொல்ல வந்தவர்கள் பலர். தாருகாவனத்துக் கதையையும், வழுவூரில் யானை உரித்த கதையையும் நானே படிப்பித்திருக்கிறேன். அந்தப் புலியும் யானையும் முனிவர்கள் ஏவிவிட்டவை, கொல்ல வந்தவை. கனடாவின் கொட்டிலில் நின்ற மாடு என்னைக் கொல்ல வரவில்லை. ஆகவே அந்தத் தேறுதல் எனக்குப் போதாது.

பைபிளில் ஒரு இடம் என்னை யோசிக்க வைத்தது. ஆதியாகமத்தின் தொடக்கத்தில் மனிதருக்கு உணவாகக் கொடுக்கப்படுவது செடியும் கனியும் மட்டுமே. இறைச்சிக்கு அனுமதி வருவது வெள்ளத்துக்குப் பிறகு, நோவாவின் காலத்தில். ஆனால் தோட்டத்தைவிட்டு அனுப்பும்போதே ஆதாமுக்கும் ஏவாளுக்கும் கடவுள் தோலால் உடுப்புச் செய்து உடுத்துகிறார். இறைச்சிக்கு முன்னரே தோல் வந்துவிடுகிறது! அந்தத் தோல் எந்த மிருகத்தினது, அது எப்படிச் செத்தது என்று அந்தப் புத்தகம் சொல்வதில்லை.

அதைச் சொல்கிற புத்தகம் பௌத்தருடைய விநயபிடகம். அதிலுள்ள மகாவக்கத்தில் தோலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் வரும் கதை இது. ஒரு பிக்கு தனக்கு வேண்டிய வீட்டுக்குப் போகிறான். அங்கே சிறுத்தைக் குட்டிபோலப் புள்ளியிட்ட வடிவான கன்று ஒன்று நிற்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஏன் பார்க்கிறீர்கள் என்று வீட்டுக்காரன் கேட்க, இதன் தோல் எனக்கு உதவும் என்கிறான். வீட்டுக்காரன் கன்றைக் கொன்று தோலை உரித்துக் கொடுக்கிறான். பிக்கு அதைத் தன் மேலாடையான சீவரத்துக்குள் மறைத்துக்கொண்டு நடக்க, தாய்ப்பசு அவன் பின்னாலேயே வருகிறது. மற்றப் பிக்குகள், இந்த மாடு ஏன் உன்னைத் தொடர்கிறது என்று கேட்கிறார்கள். தனக்குத் தெரியாது என்கிறான். சீவரத்தில் இரத்தம் பட்டிருக்கிறது. புத்தர் அவனைக் கண்டித்துத் தோலைத் தடைசெய்கிறார்.

அதே பகுதியில் சில பக்கம் தள்ளி இன்னொன்று வருகிறது. அவந்தி போன்ற எல்லைப்புற நாடுகளில் நிலம் கரடுமுரடு, அங்குள்ளவர்கள் விரிப்புக்குச் செம்மறி, வெள்ளாடு, மான் தோல்களைப் பாவிக்கிறவர்கள் என்று அங்கிருந்த மூத்த பிக்கு மகாகச்சானர் தன் சீடர் மூலம் சொல்லியனுப்புகிறார். புத்தர் அந்த நாடுகளுக்கு அதை அனுமதிக்கிறார். கொல்லாமை என்ற கொள்கை மாறவில்லை. இடம் பார்த்து விதி தளர்ந்தது. ஆனால் தளர்ந்த விதிக்குள்ளும் அந்தக் கன்றின் கதை திரும்பவும் நடக்க இடமில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். தோல் சுத்தமா அசுத்தமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தாய்ப்பசு யார் பின்னால் நடக்கிறது என்பதே கேள்வி.

இதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் சில விஷயங்கள் உடனே தீர்ந்துவிடும். ஜின்னா தொப்பிக்குப் பாவிக்கும் காரகுல் ஆட்டுத்தோல், பிறந்து சில நாளான குட்டியைச் சுருள்மயிருக்காகவே கொன்று எடுப்பது. அது அந்தக் கன்றேதான். எவ்வளவு குளிர்ந்தாலும் எனக்கு வேண்டாம். மாடும் செம்மறியும் இறைச்சிக்காகக் கொல்லப்படுகின்றன, தோல் மிஞ்சுவது என்று கடைக்காரர் சொல்வார். பாதி உண்மை. வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவனும் இல்லை என்று புலால் மறுத்தலில் வள்ளுவர் இறைச்சிக்குச் சொன்ன கணக்கு, சிறிய அளவிலாவது தோலுக்கும் பொருந்தும். தோலுக்குக் கிடைக்கும் காசும் கொல்கிறவனின் கணக்கில்தான் சேருகிறது.

தானாகச் செத்த மாட்டின் தோலை மட்டும் எடுத்தால் என்ன? காந்தி அதைத்தான் வற்புறுத்தினார். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் செருப்புத் தைக்கப் பழகி, 1914-இல் அந்நாட்டு அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸுக்கு ஒரு சோடி கொடுத்தவர் அவர். கொல்லாமைக் கணக்கில் அதைவிடச் சுத்தமான தோல் கிடையாது. ஆனால் செத்த மாட்டை இழுத்தது யார், உரித்தது யார்? அம்பேத்கர் தன் மக்களைப் பார்த்து அந்த வேலையை விடுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கொல்லாமைக்கு மிகவும் உகந்த தோல், ஒரு சாதியின் முதுகில் ஏற்றிய மிகப் பெரிய இழிவாகவும் இருந்தது.

இதில் எங்கள் சைவம் பேசாமல் தப்ப முடியாது. பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். கொடுத்த பொருள் உள்ளே போனது, அவர் வெளியே நின்றார். தில்லைக்குள் போக அவருக்குத் தீயில் இறங்கவேண்டியிருந்தது. பழங்கதை என்று தள்ளவும் முடியாது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போகவென்று சத்தியாக்கிரகம் இருந்தது 1968-இல். மிருதங்கத்தில் பசுத்தோல் இருப்பதையும், அதைச் செய்கிறவர்கள் யார் என்பதையும் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். நான் இணுவிலில் வளர்ந்தவள். தவில் கேட்காத திருவிழா எங்கள் ஊரில் இல்லை. தோல் உரித்தவரை முற்றத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர் உரித்த தோலைச் சுவாமிக்கு முன்னால் வைத்து அடித்த நாங்கள், தோல் தீட்டு என்று இப்போது கோட்டைப் பார்த்துச் சொல்வது எனக்குக் கூசுகிறது.

இங்கே தோலை மறுக்கிற சைவர்கள் பலர் உப்பிய கோட்டுகள் போடுகிறார்கள். உள்ளே என்ன என்று விவரத் துண்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. பலவற்றில் வாத்தின் அடியிறகு. மற்ற வழி பிளாஸ்டிக் தோல். துணியின்மேல் பாலியூரிதேன் பூசியது, சில வருடத்தில் கழுத்திலும் முழங்கையிலும் உரிந்து குப்பைக்குப் போகும், மண்ணில் மக்காது. உண்மைத் தோலும் இந்த விஷயத்தில் சுத்தமில்லை. உலகத் தோலில் பெரும்பகுதி குரோமியத்தில் பதனிடுவது. பாலாற்றுக்கு அதனால் என்ன ஆனதென்று வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் கிணறு வைத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும். மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்கவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னதும் அந்த மாசு பற்றிய வழக்கில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பழைய முறைத் தோல் விறைப்பானது. உடுப்புக்கு அவ்வளவு வளையாது. ஆற்றங்கரையில் இருக்கிறவருக்குச் செய்யும் தீங்கும் இம்சைதானே?

நான் கடைசியில் போனது பழைய உடுப்புக் கடைக்கு. அங்கே தொங்கும் செம்மறிக் கோட்டுக்கு நான் கொடுக்கும் காசு கொல்களத்துக்கும் போகாது, பதனிடும் தொட்டிக்கும் போகாது. அந்த ஆடு எப்போதோ செத்துவிட்டது. இதற்கும் ஒரு தடை வந்தது, அது இணுவிலிலிருந்து தொலைபேசியில்.

"ஆரோ செத்த வெள்ளைக்காரன்ரை உடுப்பை எடுத்துப் போடப்போறியோ?" என்றா அக்கா.

"அந்த ஆள் எனக்காகச் சாகேல்லை அக்கா. ஆடும் இனி எனக்காகச் சாகாது."

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. பிறர் உடுத்துக் கழித்ததை உடுத்தக்கூடாது என்பது எங்கள் வீட்டில் மச்சம் தின்னக்கூடாது என்பதற்குச் சமமான கட்டளை. இரண்டில் ஒன்றை விடவேண்டுமென்றால் எதை விடுவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தீட்டு என் மேல் படுவது, கொலை இன்னொன்றின் மேல் விழுவது. முதலாவதைக் குளித்துப் போக்கிக்கொள்ளலாம்.

பழைய கோட் எடுப்பதானால் கக்கத்தையும் கழுத்துப் பட்டியையும் முதலில் பாருங்கள். தோல் காய்ந்து வெடிப்பது அங்கேதான். மணந்து பாருங்கள், பூஞ்சண மணம் போகவே போகாது. வீதியில் போடும் உப்பு பட்டு வெள்ளைக் கோடு விழுந்தால் ஈரத்துணியால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் காயவைக்கவேண்டாம். புதிதுதான் வேண்டுமென்றால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் இது எந்த மிருகம், எதற்காகக் கொன்றது, எங்கே பதனிட்டது என்று மூன்றையும் கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.