துப்பாக்கிப் புரியும் கொலைப்பழியும்

வேட்டைத் துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் திருகுபோல் ஓடும் பள்ளங்கள் குண்டைச் சுழலவிட்டு அனுப்புகின்றன. எத்தனை அங்குலத்தில் அந்தப் புரி ஒரு முழுச்சுற்றை முடிக்கிறது என்பதே அதன் அளவு. உருண்டைக் குண்டுக்குக் குறைந்த சுழற்சி போதும். குண்டு நீள நீளப் புரி நெருக்கமாக வேண்டும். இந்தியக் காடுகளில் வேட்டையாடிய ஜேம்ஸ் ஃபோர்சித் 1860களில் உருண்டைக் குண்டுக்காக வற்புறுத்திய புரி, ஒரு சுற்றுக்கு நூறு அங்குலத்தையும் தாண்டியது. 1879இல் ஆங்கிலக் கணிதவியலாளர் கிரீன்ஹில் இதற்கெனச் சூத்திரம் வகுத்தார். 1912இல் வந்த .375 ஹாலந்து அண்ட் ஹாலந்து தோட்டா ரகத்துக்கு 12 அங்குலம் வழக்கமாயிற்று.

சுழற்சி போதாத நீளக் குண்டு பறக்கும்போதே தள்ளாடும். காட்டுமாட்டின் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் போய்ப் படலாம். அந்த விலங்கு புதருக்குள் கிடந்து மெல்லச் சாகும். ஒரே குண்டில் வீழ்த்துவதுதான் விலங்குக்குச் செய்யும் நியாயம் என்பது வேட்டைக்காரர்களின் பழைய வாதம். அப்படியானால் பொருத்தமான புரி பாவத்தைக் குறைக்கிறதா?

இதற்கு விடை தேடத் திண்டுக்கல் சீமைக்குப் போகலாம். பழனிக்கு மேற்கே சமவெளியில் நிற்கும் ஐவர்மலை, கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட சமணர்களின் இடம். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் உள்ளன.

சமணர் போற்றும் தத்துவார்த்த சூத்திரம், உயிர் போனதை மட்டும் வைத்து இம்சையை அளப்பதில்லை. அசட்டையும் வேட்கையும் கலந்த செயலால் உயிரைப் போக்குவதே அதன் கணக்கில் இம்சை. இந்த அளவுகோலில் வேட்டைக்காரரின் வாதம் பாதிதான் தேறுகிறது. விளையாட்டுக்காகக் கொல்வது சங்கல்ப இம்சை, அதாவது மனமறிந்து செய்யும் இம்சை. கொல்லத் துணிந்த நொடியிலேயே பழி சேர்ந்துவிடுகிறது. 12 அங்குலப் புரி அதைத் தொடுவதே இல்லை. ஆனால் குழலுக்குப் பொருந்தாத குண்டைத் தெரிந்தே போட்டுச் சுடுபவர் அசட்டை என்ற இரண்டாம் பழியையும் ஏற்கிறார். நல்ல புரி தவிர்ப்பது இதை மட்டுமே.

தற்காப்புக்காக நேரும் விரோத இம்சை வேறு. இல்லறத்தாருக்கு அதைச் சமணம் முற்றாக விலக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு சுட இடம் தருகிறது. சங்கல்பம் இல்லாத அந்த நிலையில், சுடுபவர் பதில் சொல்ல வேண்டியது பெரும்பாலும் குழலையும் குண்டையும் முன்கூட்டிச் சோதித்தாரா என்ற கேள்விக்குத்தான்.