இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?

என் தம்பி மகன் விமானி. வேலை கிடைக்காத விமானி. உத்திரமேரூரில் இதைச் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு, "அதுலகூட வேலை இல்லாம இருப்பாங்களா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறார்கள். 200 மணி நேரம் பறந்து, தேர்வுகளை எழுதி முடித்து, மருத்துவச் சான்றும் வாங்கி, வணிக விமானி உரிமத்தை பீரோவில் பூட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் இந்த நாட்டில் நிறையப் பேர். உரிமம் வாங்கிவிட்டால் எதையும் ஓட்டலாம் என்று நானும் நினைத்திருந்தேன். ஏர்பஸ் 320க்குத் தனிப் பயிற்சி, போயிங் 737க்குத் தனிப் பயிற்சி. டைப் ரேட்டிங் என்கிறார்கள். அதற்கும் லட்சங்கள். போதாததற்கு 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் வந்து, புதுப் பையன்கள் நிற்கும் அதே வரிசையில் முன்னால் நின்றுகொள்கிறார்கள்.

ஒருநாள் இவன், "பெரியப்பா, பழைய ஜெட் ஓட்டுற கம்பெனிங்களுக்கு எழுதிப் பாக்கலாம்னு இருக்கேன். அங்க போட்டி கம்மி" என்றான். என் தம்பி சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்: "அது இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?"

ஏரிப் பாசன நஞ்சையில் ஒரு பகுதியை விற்றுப் படிக்க வைத்தவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. ஆனால் பையன் எழுந்து போன பிறகும் எனக்கு அது ஓயவில்லை. ஆயுசு முடியப்போகிற ஒரு வேலைக்கு இளம்பிள்ளை ஒருவன் தன்னைக் கொடுக்கலாமா?

பழைய ஜெட் என்றால் எங்கோ ஆப்பிரிக்காவில் என்று நினைக்க வேண்டாம். மீனம்பாக்கத்திலேயே உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் 1996இல் போயிங் 737-200 சரக்கு விமானங்களோடுதான் தொழிலைத் தொடங்கியது. 2006 முதல் 757 வந்தது. அந்த 757 தயாரிப்பையே போயிங் 2004இல் நிறுத்திவிட்டது. நாம் ஆன்லைனில் வாங்கும் செருப்பும் செல்போனும் ஊரெல்லாம் உறங்கும்போது இப்படிப்பட்ட விமானங்களில்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன.

இவற்றில் பல பிறக்கும்போது பயணிகள் விமானங்கள். வயதானதும் இருக்கைகளைக் கழற்றி, தரையைப் பலப்படுத்தி, பக்கவாட்டில் பெரிய கதவு ஒன்றை வெட்டிச் சரக்குக்கு மாற்றுகிறார்கள். வெளியூர் வண்டியாக ஓடித் தேய்ந்த பேருந்து டவுன் பஸ்ஸாக நம் ஊருக்கு வருகிறதே, அந்த மாதிரி. புது விமானத்தின் விலைக்கு, பகலெல்லாம் பறந்தால்தான் கட்டுப்படியாகும். சரக்கு விமானமோ பெரும்பாலும் இரவில் சில மணி நேரம்தான் பறக்கிறது. மலிவாகக் கிடைத்த பழைய விமானம் எண்ணெயை அதிகம் குடித்தாலும் கணக்கு இடிக்காது. கனடாவின் வடக்கில் வேறொரு காரணம். அங்கே பல ஊர்களில் ஓடுபாதை சரளைக் கல். புது 737களின் எஞ்சின் பெரிது, தரைக்கு நெருக்கமாகத் தொங்கும், கல்லை உறிஞ்சிவிடும். பழைய 200 வகையின் எஞ்சின் ஒல்லி. கல் தெறிக்காமல் தடுக்கும் தகடும் காற்றுக்குழாயும் அதில் பொருத்தலாம். நோலினார் போன்ற நிறுவனங்கள் அதை இன்னும் கைவிடாமல் வைத்திருப்பது இதனால்தான். பழசுமேல் பாசம் என்று யாரும் கவிதை எழுத வேண்டாம்.

தம்பியின் கேள்வியில் ஒரு ஓட்டை உண்டு. விமானத்தின் வயதை வருஷத்தால் மட்டும் அளப்பதில்லை. ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் உள்ளே காற்றழுத்தம் கூடி உடல் சற்று உப்புகிறது, இறங்கும்போது தளர்கிறது. எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதுதான் முக்கியமான கணக்கு. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கு நடுவே பறந்த அலோஹா ஏர்லைன்ஸ் 737-200 ஒன்றின் முன்பக்கக் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். மற்ற எல்லோரையும் விமானிகள் உயிரோடு இறக்கினார்கள். அந்த விமானத்துக்கு வயது 19தான். ஆனால் தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணமாக 89,000 தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருந்தது, அதுவும் உப்புக் காற்றில். அதற்குப் பிறகுதான் வயதான விமானங்களைச் சோதிக்கும் முறைகளே உலகமெங்கும் கடுமையாயின. ஆக, ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளப்பட்ட முப்பது வயது விமானம், அடித்து ஓட்டப்பட்ட பதினைந்து வயது விமானத்தைவிட மேலாக இருக்கலாம்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். "வண்டி நல்லாருக்கலாம்ணா. வண்டியே வேணாம்னு சொல்லிட்டா?" என்றான்.

அதுவும் நடக்கிறது. 2025 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் யுபிஎஸ் நிறுவனத்தின் எம்டி-11 சரக்கு விமானம் மேலெழும்போதே ஒரு எஞ்சின் கழன்று விபத்துக்குள்ளானது. சில நாட்களில் அந்த வகை முழுவதையும் பறக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அதையே ஓட்டிப் பழகியவர்கள் தரையில் நின்றார்கள். நம் ஊரில் இன்னும் விசித்திரம்: 1982இல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்து, பிற்பாடு தபால் சுமந்த ஒரு 737-200, 2012இல் ஓய்வு பெற்றுக் கொல்கத்தா விமான நிலையத்தில் நின்றது. நின்றதை உரிமையாளரான ஏர் இந்தியாவே மறந்துவிட்டது. பதின்மூன்று வருஷம் கழித்து, 'உங்கள் விமானத்தை எடுத்துக்கொண்டு போங்கள்' என்று விமான நிலையம் சொன்னபோதுதான் நினைவு வந்ததாம்!

எங்கள் மாவட்டத்தில் இப்போது விமானம் என்ற பேச்சை எடுத்தாலே பரந்தூர் புது விமான நிலையத் திட்டம் வந்துவிடும். 2022 முதல் ஏகனாபுரத்துக்காரர்கள் நிலத்துக்கும் ஏரிக்கும் போராடுகிறார்கள். என் மனம் அவர்கள் பக்கம். பையனோ அந்த விமான நிலையம் வந்தால் வேலை பெருகும் என்கிறான். ஒரே பந்தியில் உட்கார்ந்து இதைப் பேசாமல் எழுந்திருக்கப் பழகிவிட்டோம்.

நான் யோசிக்கப் போகும் இடம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அங்கேதான். வருகிறவர்கள் எல்லோரும் ஆயிரம் வருஷம் நிலைத்ததைப் பார்த்து வியக்கிறார்கள். அதில் எழுதியிருப்பதோ நிலைக்காததைப் பற்றி. ஊர்ச்சபையின் வாரியத்தில் சேர 35 வயதுக்கு மேல், 70க்குக் கீழ். பதவி 360 நாள். முந்தைய மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் விழக் கூடாது. கணக்குக் காட்டாதவனுக்கு இடமே இல்லை. அவன் உறவினருக்கும் இல்லை. ஏரி வாரியத்துக்கு ஒருவர் வந்தால், முந்நூற்றறுபதாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தேதான் மதகைப் பார்த்திருப்பார். குறைந்த காலம் என்பதற்காக யாரும் அந்த வேலையை மட்டமாக நினைத்ததாகத் தெரியவில்லை. முடியும் நாளை முதலிலேயே சொல்லிவிட்டார்கள்; முடிந்ததும் என்ன கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதையும். விமானிக்கும் 65 வயது என்று ஒரு கோடு உண்டு. அந்தக் கோடு வரை ஒரே விமானம் கூடவே வரும் என்று எந்த நிறுவனமும் எழுதிக் கொடுப்பதில்லை, புது விமானம் வைத்திருப்பவர்கள் உட்பட. 2019இல் நின்ற ஜெட் ஏர்வேஸில் இருந்தது ஒன்றும் பழைய இரும்பு இல்லை.

ஆகவே எனக்குப் பயம் விமானத்தின் வயதைப் பற்றியதல்ல, பணத்தைப் பற்றியது. சாகப்போகும் ஒரு வகைக்கான டைப் ரேட்டிங்கை ஒருவன் சொந்தக் காசில், கடன் வாங்கிக் கட்டினால் அது முட்டாள்தனம். நிறுவனம் தன் செலவில் பயிற்சி கொடுத்து, பறக்கும் மணி நேரமும் அவன் கணக்கில் ஏறுமானால் தாராளமாகப் போகலாம். விமானம் ஓய்வு பெற்றாலும் அந்த மணி நேரம் அவனோடுதான் வரும். வகைக்கு வகை வித்தியாசமும் உண்டு. 757க்கும் 767க்கும் விமானி அறை கிட்டத்தட்ட ஒன்றே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரே ரேட்டிங் இரண்டுக்கும் செல்லும். எம்டி-11 காரருக்கு அப்படிப்பட்ட அடுத்த கதவு ஏறக்குறைய இல்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் விண்ணப்பம் போட வேண்டும். இன்னொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: போட்டி கம்மி என்று இவன் நினைக்கிற இடங்களிலும் ஏற்கெனவே ஜெட் ஓட்டியவர்களைத்தான் முதலில் தேடுகிறார்கள். 200 மணிக்காரனுக்குக் கதவு சுலபமாகத் திறக்காது.

தம்பி கடைசியில் ஒத்துக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு: மீதி நிலத்தின் பத்திரம் வெளியே போகாது. பையன் அதற்குச் சரி என்று சொல்லிவிட்டு, விண்ணப்பம் அனுப்பும் இடங்களில் பயிற்சிச் செலவு யாருடையது, பாண்டு எத்தனை வருஷம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து வருகிறான். இதற்கிடையில் தாம்பரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில், விமானித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வானிலைப் பாடம் எடுக்கிறான். காலை முதல் பஸ்ஸுக்குப் போகிறான். பெட்ரோல் காசாவது மிச்சம் என்கிறான் அவன் அப்பா.