‘பிற’ என்னும் கட்டம்

மனிதரை வகைப்படுத்தாமல் எந்தச் சமூக இயலும் நடைபெறுவதில்லை. ஆயிரம் குடும்பங்களின் வாழ்வை ஆராயப் புகுவோர் அவற்றை நான்கைந்து பிரிவுகளுள் அடக்கித்தான் ஆகவேண்டும். அங்ஙனம் அடக்கும்போது எதனுள்ளும் அடங்காமல் நிற்பவரை என்செய்வது? இஃது ஆய்வுமுறை பற்றிய சிறு வினாவாகத் தோன்றலாம். இதனுள் அறம் பற்றிய வினாவும் பொதிந்துள்ளது என்பது என் கருத்து.

என்னிடம் ஆறாண்டு பயின்ற மாணவி ஒருத்தி பல்கலைக்கழகத்தில் நகரப் புவியியலைப் பாடமாக எடுத்தாள். தோட்டத்தில் பிறந்தவள். விடுமுறையில் காண வந்தபோது அப்பாடத்தைப் பற்றியே நெடுநேரம் பேசினாள். முதலில் கற்றவை பெரும்பாலும் மேனாட்டுக் கோட்பாடுகள். 1925-இல் பர்ஜெஸ் சிகாகோ நகரை ஆராய்ந்து வகுத்த ஐந்து வளையங்கள், 1939-இல் ஹோய்ட் காட்டிய துண்டங்கள், 1945-இல் ஹாரிசும் உல்மனும் கூறிய பல மையங்கள். இவற்றுள் வளையங்களே அவளைக் கவர்ந்தன. புதிதாய்க் குடியேறிய ஏழை, நகர நடுவை அடுத்த நெருக்கமான தெருக்களில் முதலில் தங்குகிறான். வசதி பெருகப் பெருக வெளி வளையங்களுக்குப் பெயர்கிறான். படத்தைக் கண்டவுடன் முற்றும் உண்மை எனப் படுகிறது. அழகாக வரையப்பட்ட படத்திற்கு இவ்வாற்றல் எப்போதும் உண்டு!

“எங்கள் தோட்டம் எந்த வளையத்தில் வரும், ஐயா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் மக்கள் பலர் நகரை நாடிச் சென்றவரல்லர். நகரமே அவர்களை நாடி வந்தது. 1976-இல் தொடங்கப்பெற்ற சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டத்து நிலத்தில் எழுந்தது. 1998-இல் காமன்வெல்த் விளையாட்டுகள் நடைபெற்ற புக்கிட் ஜாலிலும் தோட்டமாயிருந்த இடமே. பால்மரம் வெட்டியவன் தன் லயத்து வாசலிலேயே இருக்க, அவனைச் சுற்றித் தாமான்கள் எழும்பின. சிகாகோவின் வளையத்தில் இவனுக்கு இடமில்லை. மேனாட்டுப் படங்கள் நம் வட்டாரத்து நகரங்களுக்கு அப்படியே பொருந்தா என்பதை மெக்கீ 1967-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். அதுவும் அவளுக்குப் பாடமாக இருந்தது.

ஆயினும் கோட்பாடு பொருந்தாமற் போவதால் எவருக்கும் வீடு போய்விடாது. படிவம் பொருந்தாவிட்டால் நிலைமை வேறு. களப்பணிக்காக அவளும் தோழியரும் தாமான்களுக்கு இடையே எஞ்சி நின்ற பழைய லயங்களுக்குச் சென்றனர். ‘சொந்த வீடு’, ‘வாடகை வீடு’, ‘புறம்போக்குக் குடியிருப்பு’, ‘பிற’ என்று படிவத்தில் நான்கு கட்டங்கள். அங்கிருந்த மூதாட்டியோ அவ்வீட்டை வாங்கியவருமல்லர், வாடகை தந்தவருமல்லர். அத்துமீறிக் குடியேறினார் என்பதோ பெரும்பழி. தோட்டத்தில் வேலையோடு வந்தது வீடு; வேலை உள்ளவரைதான் வீடு. தோட்டம் விற்கப்பட்டதும் வேலை போயிற்று. அதனோடு வீட்டில் இருக்கும் உரிமையும் போயிற்று. நாற்பது ஆண்டு உழைப்பு எந்தக் கட்டத்திலும் இல்லை. பொறுப்பாயிருந்த விரிவுரையாளர், “‘பிற’ என்று குறித்துவிடுங்கள்” என்றாராம்.

அவர் கூறியதில் குற்றம் காண்பதற்கில்லை. படிவத்தின்படி அதுவே சரியான விடை. ஆனால் ‘புறம்போக்கு’ எனக் குறித்திருந்தால், அந்த ஒரு குறி ஒரு பொய்யாகியிருக்கும். இருக்கும் நிலையைச் சொல்லி, அந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதை மறைக்கும் பொய். ‘பிற’ என்பது பொய்யன்று. எனினும் அதில் உண்மையும் மிகக் குறைவு. தொல்காப்பியம் நிலத்தை வகுத்தபோது முதல், கரு என்பவற்றோடு நில்லாமல் மாந்தர் உள்ளத்து நிகழ்வை உரிப்பொருள் எனச் சேர்த்து வைத்தது. படிவம் வகுப்போர் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. இரண்டு வரி எழுத இடம் விட்டிருக்கலாம்.

எழுதி முடித்தபோது மூதாட்டி, “எழுதிக்கிட்டுப் போறியே பாப்பா, இதனால எங்களுக்கு வீடு கிடைக்குமா?” என்று கேட்டிருக்கிறார். “கிடைக்கும் பாட்டி” என்று சொல்லத் தோழி வாயெடுத்தாளாம். இரக்கத்தினால் வரும் அந்தச் சொல்லை நான் ஏற்கேன். வாக்குறுதி கேட்டே முதுமை அடைந்தவர்க்கு மேலும் ஒன்று தருவது கொடுமை. “இது எங்கள் தேர்வுக்காக” என்று கைகழுவுவதும் தகாது. ஒருவர் வாழ்வைக் கேட்டுப் பெற்றவர் அதற்குக் கடன்பட்டவரே. இழப்பீடு பற்றிய பேச்சு எழும் நாளில், இங்கே இன்னார் இத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்னும் எழுத்து எங்கேனும் இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் வேறுபாடு உண்டு.

என் மாணவி, “தெரியவில்லை, பாட்டி. நீங்கள் இங்கே இருந்த கதையைச் சரியாக எழுதி வைக்கிறேன்” என்றாள். “அப்படீன்னா போனவங்களையும் எழுதிக்கோ” என்று சொல்லி, அந்த லயத்திலிருந்து முன்பே வெளியேறிய குடும்பங்களை மூதாட்டி வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினாராம். படிவத்தில் இடமில்லை. அவள் தாளைத் திருப்பிப் பின்புறத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்பது குடும்பத் தலைவர்களின் பெயர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் அவர்கள் பார்த்த வேலை.